பலவீனமான புள்ளிகள் எங்கே போயின? புரதப் படிகத்தில் இரட்டையைக் கண்டறியும் முறை

புரதப் படிகத்தின்மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி எடுத்த படத்தில் புள்ளிகள் கூர்மையாக விழுந்திருக்கின்றன. 2 ஆங்ஸ்ட்ரம் நுணுக்கம் வரை தரவு கிடைத்திருக்கிறது. ஆனாலும் கட்டமைப்பு பிடிபடவில்லை. பிடிபட்டாலும் ஆர்-ஃப்ரீ (ஒதுக்கிவைத்த புள்ளிகளோடு மாதிரி எவ்வளவு முரண்படுகிறது என்ற அளவு) ஓரிடத்தில் நின்றுவிட்டு இறங்க மறுக்கிறது. இப்படி ஆகும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இரட்டைப் படிகத்தை: வெவ்வேறு திசையில் நிற்கும் இரு பகுதிகள் ஒரே படிகமாக ஒட்டி வளர்ந்திருப்பதை.

பாக்டீரியோரொடாப்சின் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. உப்பு நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் சலினாரத்தின் சவ்வில் இருந்துகொண்டு, ஒளியின் ஆற்றலால் புரோட்டானை வெளியே தள்ளும் புரதம் இது. கொழுப்புக் கனசதுர நிலை என்ற கூழில் வளர்த்தால் அறுகோணத் தகடுகளாகப் படிகமாகும். ஸ்பேஸ் குரூப் (மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் சமச்சீர்மையின் வகை) பி6₃. சவ்வு அடுக்குகள் சி அச்சின் வழியே, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருக்கும். படிகத்தின் ஒரு பகுதியில் மட்டும் அந்த அடுக்குகள் தலைகீழாக நின்றாலும் அணிக்கோவையின் (படிகத்தின் அடிப்படைச் சட்டகத்தின்) வடிவம் மாறாது. ஆகவே ஒரு பகுதியில் (எச், கே, எல்) என்ற சுட்டெண்கள் கொண்ட புள்ளியின்மேல் மறு பகுதியின் (கே, எச், −எல்) புள்ளி மிகச் சரியாக விழும். இப்படிச் சோடி சேர்க்கும் விதிதான் இரட்டை விதி. இரு பகுதிகளின் ஒளியியல் அச்சும் ஒன்றே என்பதால் முனைவாக்க நுண்ணோக்கியிலும் வேறுபாடு தெரியாது. படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எண்களைத்தான் கேட்க வேண்டும்.

எண்கள் காட்டிக்கொடுப்பது ஏன்? இரண்டு பகடைகளை உருட்டிச் சராசரி எடுத்தால் 1-ம் 6-ம் அரிதாகிவிடும். அதேபோல, தொடர்பற்ற இரு செறிவுகள் (புள்ளிகளின் வலிமைகள்) கூடும்போது இரண்டும் ஒருசேரப் பலவீனமாக இருப்பது அபூர்வம். 1949-இல் வில்சன் வகுத்த பரவலின்படி, மையச்சீர் அல்லாத சாதாரணப் படிகத்தில் 1000 புள்ளிகளுக்குச் சுமார் 95, சராசரிச் செறிவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். இரு பகுதிகளும் சரிபாதியான முழு இரட்டையில் அது 18 அளவுக்குச் சுருங்கிவிடும். செறிவின் வர்க்கச் சராசரியைச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் விகிதமும் 2-இலிருந்து 1.5-க்கு இறங்கும்.

இந்த விகிதத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரே அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் பெட்டியில்) இரு மூலக்கூறுகள் சுழலாமல் வெறுமனே இடம்பெயர்ந்து நின்றால், புள்ளிகளில் ஒரு பாதி வலுத்து மறுபாதி மெலியும். விகிதம் 2-ஐத் தாண்டும். கூடவே இரட்டையும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கிடைக்கும் எண் இயல்பானதுபோலத் தோன்றும். 2003-இல் பதில்லாவும் யேட்ஸும் வகுத்த எல் சோதனை இங்கேதான் கைகொடுக்கிறது. அருகருகே உள்ள, இரட்டை விதியால் தொடர்பில்லாத இரு புள்ளிகளை எடுத்து, செறிவுகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் சராசரி சாதாரணப் படிகத்தில் 0.5, முழு இரட்டையில் 0.375. அண்டைப் புள்ளிகளையே ஒப்பிடுவதால் திசைக்குத் திசை தரவு மங்குவது இதைப் பெரிதாகப் பாதிக்காது. அண்டையைத் தேரும்போது சுட்டெண்கள் இரட்டைப்படை எண்ணால் வேறுபடும்படி பார்த்துக்கொண்டால் இடப்பெயர்ச்சிச் சிக்கலும் பெரும்பாலும் விலகும். பிழை மிகுந்த வெளிவட்டப் புள்ளிகளைச் சேர்க்காதீர்கள். அங்கே சோதனை அளப்பது இரைச்சலைத்தான்.

எல் சோதனை இரட்டை உண்டா என்று சொல்லும். எவ்வளவு என்பதை எச் சோதனை சொல்லும். அதே கணக்குதான், ஆனால் இரட்டை விதியால் இணைந்த சோடிகளுக்கு. சராசரி 0.5-இலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதுவே இரட்டைப் பங்கு, அதாவது சிறிய பகுதி படிகத்தில் வகிக்கும் பங்கு: 0.2 வந்தால் பங்கு 0.3. தனியாக வைத்துப் பார்த்தால் இதுவும் ஏமாற்றும். படிகத்துக்கு உண்மையிலேயே அந்தச் சமச்சீர்மை இருந்தாலும் சோடிகள் சமமாகி எச் பூச்சியத்தை நெருங்கும். எல் இயல்பாக இருந்து எச் மட்டும் சரிந்தால் அது பெரும்பாலும் மெய்யான சமச்சீர்மை, அல்லது அதை ஒட்டி நிற்கும் உள் சமச்சீர்மை. இரண்டும் சரிந்தால் இரட்டை.

பலர் வழுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. தேவைக்கு அதிகமான சமச்சீர்மையில் தரவை ஒன்றுசேர்த்துவிட்டால், தொடர்பற்ற செறிவுகளை நாமே சராசரியாக்கி இரட்டையின் சாயலை உண்டாக்கிவிடுவோம். முழு இரட்டையோ தானாகவே உயர் சமச்சீர்மைபோல வேடமிடும்: பி6₃ படிகம் பி6₃22 ஆகத் தெரியும். கூட்டுக்குள் மூலக்கூறுகளுக்கு இடம் போதவில்லை என்று கணக்கு காட்டினால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சமச்சீர்மைக்கு, தேவைப்பட்டால் சமச்சீர்மையே இல்லாத பி1 வரைக்கும் இறங்கி, தரவை மறுபடி ஒன்றுசேர்த்துச் சோதியுங்கள். எக்ஸ்ட்ரியேஜ், சிட்ரங்கேட் போன்ற நிரல்கள் நீங்கள் கொடுத்த ஸ்பேஸ் குரூப்பை வைத்துத்தான் பேசும்.

இரட்டை உறுதியானால் கலந்துவிட்ட செறிவுகளைக் கணக்குப் போட்டுப் பிரிக்கலாமே என்று தோன்றும். பங்கு 0.3 என்றால் பிழை ஏறக்குறைய 1.9 மடங்காகும், 0.45 என்றால் 7 மடங்கு, 0.5-இல் பூச்சியத்தால் வகுக்க நேரும். எனவே தரவைப் பிரிக்காமல், ரெஃப்மாக், ஷெல்எக்ஸ்எல் போன்ற நிரல்களில், மாதிரியிலிருந்து கணக்கிட்ட செறிவுகளை அதே பங்கில் கலந்து ஒப்பிடுவதே நல்லது. ஆர்-ஃப்ரீக்கு ஒதுக்கும்போது இரட்டைச் சோடியின் இரு புள்ளிகளும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்று அங்கும் ஒன்று இங்குமாகப் பிரிந்தால் ஆர்-ஃப்ரீ பொய் சொல்லும். இரட்டை விதியைச் சேர்த்ததும் ஆர் மதிப்பு குறைவது இரட்டைக்குச் சான்றாகாது. மாதிரி தவறாக இருந்தாலும் அது குறையத்தான் செய்யும்.

இதற்கெல்லாம் முன், அதே சொட்டில் வளர்ந்த வேறு படிகங்களையும் சோதித்துப் பாருங்கள். இரட்டைப் பங்கு படிகத்துக்குப் படிகம் மாறும். பக்கத்தில் கிடக்கும் சிறிய தகடு ஒற்றையாகவே இருக்கக்கூடும்.