செய்திறன் சோதனை: ஒரு சொல் விளக்கம்

தடய அறிவியல் ஆய்வகப் பணியாளர்களின் பயிற்சியைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘தகுதித் தேர்வு’ என்ற சொல் வந்து இடறுகிறது. புரொஃபிஷியன்சி டெஸ்ட் என்பதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கும் சொல் அது. இனியும் பொறுப்பதற்கில்லை.

மூலச் சொல்லின் கதை சிறியது. ‘முன்னேறு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஒரு வேலையில் படிப்படியாக முன்னேறிக் கைதேர்ந்த நிலைக்குப் பெயர் புரொஃபிஷியன்சி.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். வெளி அமைப்பு ஒன்று, விடை தனக்கு மட்டும் தெரிந்த மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பும். கைரேகை, தோட்டா உறை, இரத்தக் கறை, போதைப்பொருள் என எதுவாகவும் அது இருக்கலாம். வழக்குப் பொருளை ஆராய்வதுபோலவே ஆராய்ந்து முடிவை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு எல்லா ஆய்வகங்களின் முடிவுகளும் ஒப்பிடப்படும். ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025-இன்படி அங்கீகாரம் வைத்திருக்கும் ஆய்வகங்கள் இத்தகைய சோதனைகளில் தொடர்ந்து பங்கேற்க வேண்டும். தலை நரைத்த ஆய்வாளருக்கும் விலக்கில்லை.

இதையா தகுதித் தேர்வு என்பது? ஆசிரியர் தகுதித் தேர்வு என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும்: வேலைக்குள் நுழையும் முன் எழுதுவது. தேர்வு என்ற சொல்லே ‘ஆராய்ந்து தெரிந்தெடு’ என்னும் ‘தேர்’ என்ற வேரில் நிற்கிறது. இங்கே யாரும் யாரையும் தெரிந்தெடுக்கவில்லை. வேலையில் இருப்பவரின் கை இன்றும் சரியாக இருக்கிறதா, அவருடைய ஆய்வக முறை பிழையின்றி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தகுதித் தேர்வு என்ற பெயருக்கு உண்மையிலேயே உரிய சோதனை வேறாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் பயிற்சி முடித்து, வழக்குப் பொருளைத் தனியாகக் கையாள அனுமதி பெறும் முன் தேற வேண்டிய காம்பிட்டன்சி டெஸ்ட் அது. அதன் பெயரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்துவிட்டால் அதை என்னவென்று அழைப்பது? ஒரு நிபுணர் ‘தகுதித் தேர்வில் தவறினார்’ என்று நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டால், அவர் கையெழுத்திட்ட அறிக்கைகள் எல்லாமே தகுதியற்றவர் எழுதியவை என்றுதான் கேட்பவர் நினைப்பார். நடைமுறை அப்படியன்று. பிழையின் காரணத்தைத் தேடுவார்கள்; தேவையானால் அவரை வழக்கு வேலையிலிருந்து விலக்கி மறுபயிற்சி தருவார்கள்; பழைய அறிக்கைகளையும் மீண்டும் பார்ப்பார்கள்.

2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பை நினைத்துப் பாருங்கள். வெடிதூண்டிகள் இருந்த பையில் கிடைத்த கைரேகையை, அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்கள் அந்நாட்டின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று தவறாக முடிவு செய்தார்கள். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டியது. அந்த நிபுணர்களின் தகுதியில் குறையில்லை. தகுதியும் அந்த வேளையில் வெளிப்படும் திறனும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிலர் ‘புலமைத் தேர்வு’ என்கிறார்கள். மொழிக்குப் புலமை பொருந்தும். தோட்டா உறையை ஒப்பிடும் கைக்குப் பொருந்தாது. நான் ‘செய்திறன் சோதனை’ என்பேன். சோதனை வடசொல், ஆய்வு என்று மாற்றுங்கள் என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். தமிழில் எனக்கும் அந்தப் பற்று உண்டு. ஆனால் ஆய்வகத்தில் நடப்பதெல்லாம் ஆய்வு. அங்கே ‘செய்திறன் ஆய்வு’ என்றால் அதுவும் இன்னொரு வழக்கு வேலைபோல் ஒலிக்கும். தெளிவுக்காக இந்த ஒரு வடசொல்லை ஏற்கலாம்.

‘குருட்டுச் சோதனை’ என்ற இன்னொரு கொடுமையும் உலவுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் தடய அறிவியல் மையத்தில், சோதனை மாதிரியை உண்மையான வழக்குப் பொருள்போல அன்றாட வேலைக்குள் கலந்துவிடுகிறார்கள். ஆய்வாளருக்கு அது சோதனை என்றே தெரியாது. இதில் குருடு எங்கே வந்தது? ‘பிளைண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவைத்திருக்கிறார்கள். ‘அறிவிக்காச் சோதனை’ என்றால் பயிற்சிக்கு வரும் இளைஞருக்கு முதல் நாளே விளங்கிவிடும்.