கற்றற்பேறு: பெறுபேறு வேறு, பேறு வேறு

பல்கலைக்கழகப் பாடநெறி எதனுடைய விபரத்தாளை எடுத்தாலும், 'இப்பாடநெறியின் முடிவில் மாணவர்கள்...' என்று தொடங்கும் நாலைந்து வரிகள் இருக்கும். அவற்றுக்கு மேலே உள்ள தலைப்புத்தான் 'லேர்னிங் அவுட்கம்ஸ்', தமிழில் கற்றற்பேறுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கலைமாணி படிப்பவரும் வணிகமாணி படிப்பவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சொல் இது. பலர் வாசிக்காமலே புரட்டிவிடும் பகுதியும் இதுதான்.

படித்து முடித்தவர் எதை அறிந்திருப்பார், எதைச் செய்யக்கூடியவராக இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது கற்றற்பேறு. 'இப்பாடநெறி கணக்காய்வின் அடிப்படைகளை அறிமுகம் செய்கிறது' என்றால் அது நோக்கம். அங்கே வேலை செய்வது பாடநெறி. 'ஒரு சிறு நிறுவனத்தின் பதிவேடுகளைப் பார்த்து, அதன் உள்ளகக் கட்டுப்பாட்டில் உள்ள பலவீனங்களை இனங்காண்பர்' என்றால் அது பேறு. இங்கே எழுவாய் மாணவர்.

எழுவாயை விடப் பயனிலையில்தான் சிக்கல் அதிகம். 'சந்தைப்படுத்தலை விளங்கிக்கொள்வர்' என்று எழுதினால், மீளாய்வுக்கு வருபவர் அந்தச் சொல்லில் கோடு போடுவார். விளங்கிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? 'விளக்குவர்' என்றால் சரி. விளங்குதல் மனதுக்குள் நடப்பது, விளக்குதல் வெளியே தெரிவது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த வேறுபாடு இங்கே நேரடியாக உதவுகிறது. 'அறிவர்', 'உணர்வர்' போன்றவற்றைத் தவிர்த்து 'கணிப்பர்', 'ஒப்பிடுவர்', 'மதிப்பிடுவர்' என்று எழுதச் சொல்வதன் காரணமும் இதுதான்.

இந்த வினைச்சொல் கணக்கு எங்கிருந்து வந்தது? பாடவிதானத்தை மாணவரிடம் ஏற்படவேண்டிய மாற்றத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949 இல் வலியுறுத்தினார். 1956 இல் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் அறிதலை ஆறு படிகளாக வகுத்தார்கள். 2001 இல் அந்த வகைப்பாட்டைத் திருத்தியவர்கள் அறிவு, பகுப்பு என்றிருந்த பெயர்ச்சொற்களை நினைவுகூர்தல், பகுத்தாராய்தல் என்று வினைகளாக மாற்றி, உச்சியில் படைத்தலை வைத்தார்கள். இலங்கைக்கு இது பரவலாக வந்தது இலங்கைத் தகைமைகள் சட்டகத்தோடு, அதாவது பட்டங்களையும் சான்றிதழ்களையும் மட்டங்களாக ஒழுங்குபடுத்தும் ஏற்பாட்டோடு. 2012 இல் வெளியாகி 2015 இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை மட்டுமல்ல, ஒப்படை எழுதுவதும் நூலகத்தில் இருப்பதும் பரீட்சையும் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு மட்டத்துக்கும் உரிய பேறுகள் 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பாட அறிவு ஒன்று மட்டும் போதாது. தொடர்பாடல், குழுவாக இயங்குதல், விழுமியங்கள் என்று அது நீள்கிறது.

வணிகத்தில் பேறு எழுதுவது ஓரளவு சுலபம். ஐந்தொகை சமப்படும் அல்லது சமப்படாது. கலைப்பாடங்களில்தான் முணுமுணுப்பு. ஒரு செய்யுளை ரசிக்கக் கற்றதை எந்த வினையால் எழுதுவது என்று கேட்பார்கள். பாதி நியாயமான கேள்வி. மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரலாற்றை எடுங்கள். 'யாழ்ப்பாண வரலாற்றை அறிவர்' என்பது எதையும் சொல்லவில்லை. 'யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல் கூறும் செய்தியைக் கல்வெட்டுகளுடனும் போர்த்துக்கேயர் எழுதிவைத்தவற்றுடனும் ஒப்பிட்டு, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று மதிப்பிடுவர்' என்று எழுதலாமே. அதைச் செய்யத் தெரிந்தவர் பின்னர் வங்கியில் இருந்தாலும் பத்திரிகையில் இருந்தாலும் ஒரு ஆவணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 'கற்றல் விளைவு' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. பேறு அப்படியல்ல. பெறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த தொழிற்பெயர், கெடு கேடானதுபோல. பெற்றவரிடமே தங்குவது பேறு. மாணவரை எழுவாயாக வைக்கும் கருத்துக்கு இதுவே பொருந்துகிறது என்பது என் எண்ணம். குறளின் மக்கட்பேறும் ஆஸ்பத்திரியின் மகப்பேறும் இதே சொல்தான். ஒரு குறை உண்டு: பேறு என்றால் பாக்கியம் என்றும் பொருள். விரிவுரையாளர் திட்டமிட்டுக் கற்பிப்பதை அதிர்ஷ்டம் என்று யாராவது படித்துவிடக்கூடாது.

'தேர்ச்சி' இன்னும் ஆபத்தானது. இலங்கைப் பாடசாலை நூல்களில் தேர்ச்சி என்பது செய்யும் ஆற்றல். தமிழ்நாட்டில் பரீட்சையில் சித்தியடைவது. இரு கரையிலும் வாசிக்கப்படும் கட்டுரையில் இதைப் போட்டால் குழப்பம் நிச்சயம். 'அடைவு' பாடசாலை மட்டத்தில் புள்ளிகளோடு ஒட்டிப்போய்விட்டது.

எழுதும் முறையைப் பற்றி ஒரு சொல். கற்றல் சேர்ந்த பேறு கற்றற்பேறு ஆகும், மக்கள் சேர்ந்த பேறு மக்கட்பேறு ஆவதுபோல. 'கற்றல் பேறு' என்று பிரித்து எழுதுவோரும் நிறைய, விட்டுவிடலாம். முழுப் பட்டத்துக்குரியதைக் கற்கைநெறிப் பேறு என்றும், தனிப் பாடத்துக்குரியதைப் பாடநெறிப் பேறு என்றும் பிரித்தால் வசதி. 'கற்றல் பெறுபேறு' மட்டும் வேண்டாம். பெறுபேறு என்பது பரீட்சை முடிவு. யாழ்ப்பாணத்தில் அச்சொல்லைக் கேட்டதும் எல்லோரும் உயர்தரப் பரீட்சையையும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியையும்தான் நினைப்பார்கள்.