கதியால் பிடுங்கினால் இரண்டு மாதம், வேலை போனால் ஆறு மாதம்

சட்டத்தரணியிடம் போகப் பயப்படுகிறவர்களைவிட, பிந்திப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். கையில் ஒரு பைல் இருக்கும். அதற்குள் கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த மனுவின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். வழக்கு வைக்கிற காலம் மட்டும் முடிந்துபோயிருக்கும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு மனுவைக் கொடுத்துவிட்டால் எல்லாம் நடக்கத் தொடங்கிவிட்டது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்த மனு மேசையில் கிடக்கும், நாட்கள் ஓடும்.

காணியில் இருந்து தொடங்குவோம், யாழ்ப்பாணத்தில் வேறெதிலிருந்து தொடங்குவது? வெளிநாட்டில் இருக்கிற அண்ணனின் வளவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். பக்கத்து வளவுக்காரர் ஒரு விடியற்காலை வேலிக் கதியாலைப் பிடுங்கி எட்டு அடி உள்ளே நட்டுவிட்டார். இவர் பொலிஸுக்குப் போனார். அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரு நாள் முழுக்க வாங்கில் இருத்திவிட்டு, "இது காணிப் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ" என்றார்கள். பிறகு கிராம அலுவலர், பிறகு நில அளவையாளர், பிறகு ஊர்ப் பெரியவர்கள். சட்டத்தரணியின் கதவைத் தட்டும்போது மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தில் 66 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் 2 மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், காணி உறுதி யாருடையது என்ற பெரிய விசாரணைக்குள் போகாமலே ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிடலாம். பொலிஸார் வழக்கைப் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சத்தியக்கடதாசி முடித்து நீங்களே போடலாம். இரண்டு மாதம் கடந்தால் மாவட்ட நீதிமன்றம்தான். அங்கே தவணை தவணையாக வருடங்கள் போகும். ஆகவே வேலியில் கை வைத்தால் அதே கிழமையில் சட்டத்தரணியைப் பாருங்கள். பொலிஸ் முறைப்பாடும் போடத்தான் வேண்டும், ஆனால் அது வழக்காகாது. முறைப்பாட்டை உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதினால் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை.

கட்டாமலும் பார்க்காமலும் விட்ட காணி வேறு கதை. மற்றவர் 10 வருடம் எதிரிடையாக, தடையில்லாமல் ஆண்டுவிட்டால் காணி தன்னுடையது என்று கேட்கலாம். போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அதில் வழி இருந்தது. ஆனால் வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும் என்று இருந்தது. அந்த அறிவித்தல் எத்தனை முகாமுக்கும் எத்தனை வெளிநாட்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள்.

பெண்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் மணமான பெண், தன் பெயரில் இருக்கிற சீதனக் காணியைக்கூட விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். விட்டுவிட்டுப் போன கணவனை எங்கே தேடுவது என்று உறுதி எழுதுகிற நொத்தாரிசின் வாசலில் நின்று அழுதவர்களை எனக்குத் தெரியும். தேட வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவர் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி கேட்கலாம். இதற்குச் சட்டத்தரணியோடு போவதுதான் நல்லது.

தாபரிப்புக்கு, அதாவது மனைவி பிள்ளைகளின் செலவுக்குக் காசு கேட்பதற்கு, சட்டத்தரணி தேவையில்லை. கணவன் காசு தருவதில்லை என்றால், நீங்கள் இருக்கிற இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்துக்கே 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாம். விவாகப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் கையில் இருக்கட்டும். விவாகப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் கேட்கலாம். இங்கே பொல்லாத பொறி ஒன்று உண்டு. பணம் பொதுவாக விண்ணப்பித்த நாளில் இருந்துதான் கணக்காகும். "பொறு பிள்ளை, கதைச்சுப் பார்ப்பம்" என்று மாமியார் வீட்டிலும் அலுவலகங்களிலும் இழுத்தடித்த எட்டு மாதம், எட்டு மாதச் சாப்பாட்டுக் காசு. கதைக்கிறவர்கள் கதைக்கட்டும், விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் கதைக்கலாம்.

அடி, மிரட்டல் என்றால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்க வேண்டும், அதுவும் நீதவான் நீதிமன்றத்தில். "குடும்பத்துக்குள் சமாளியுங்கோ" என்று பொலிஸில் திருப்பி அனுப்பினால் பெண்கள் உதவி இலக்கமான 1938 க்கு அழையுங்கள்.

வேலையில் இருந்து நிறுத்தினால் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தது நியாயசபைக்கு விண்ணப்பித்ததாகாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏழாம் மாதம் வந்து நின்ற பையன் ஒருவனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலாளி "ராஜினாமா கடிதம் தந்தால் சம்பளப் பாக்கி தருகிறேன்" என்று சொன்னால் எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு உங்களை நிறுத்தியதாக நிரூபிப்பது உங்கள் பாடு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்.

கைமாற்றாகக் கொடுத்த காசுக்கு வழக்குப் போட, எழுத்து இல்லாவிட்டால் 3 வருடம், எழுத்து இருந்தால் 6 வருடம். கடைக்குக் கடனாகக் கொடுத்த சாமானுக்கு ஒரே ஒரு வருடம். சின்னத் தொகை என்றால் முதலில், பேசித் தீர்த்துவைக்கிற இணக்கசபைக்குப் போகச் சொல்லுவார்கள். அங்கே சட்டத்தரணி வர முடியாது, உங்களை யாரும் இணங்கும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அதை வாங்காமல் வீட்டுக்கு வந்து, திரும்ப நாலு முறை அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பெயருக்கு அழைப்பாணை வந்தால் வேறு யோசனை வேண்டாம், அன்றைக்கே சட்டத்தரணி. வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பலாம் என்பது பொய். நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் போனால்தான் அதை நீக்கும்படி கேட்கலாம். 

காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. ஆலோசனைக்குக் காசு இல்லை. உங்களுக்காக வழக்குப் பேச வேண்டும் என்றால் வருமானத்தைப் பார்ப்பார்கள். அந்த எல்லை அவ்வப்போது மாறும், யாரோ சொன்ன பழைய கணக்கைக் கேட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடையாள அட்டை, வருமானத்துக்குக் கிராம அலுவலரின் கடிதம், வழக்கோடு சம்பந்தப்பட்ட எல்லாக் கடதாசிகளும் கொண்டுபோங்கள். ஒன்று குறைந்தாலும் "நாளைக்கு வாங்கோ"தான். காலையிலேயே போனால் அதே நாளில் திரும்பி ஓடி எடுத்து வரலாம்.

காசு கொடுத்துப் பிடிக்கிறவர்கள் ஒரு தவணைக்கு எவ்வளவு, முழு வழக்குக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள், பற்றுச்சீட்டும் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் போக வேண்டாம். காணி வாங்கும்போது விற்பவரின் நொத்தாரிசே உங்களுக்கும் பார்ப்பார் என்று விடாதீர்கள். உங்கள் ஆள் ஒருவர் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் தனக்காகக் கையெழுத்து வைக்கக் கொடுத்த அதிகாரமான அற்றோணித் தத்துவத்தைக் காட்டி விற்க வந்தால், அந்தத் தத்துவம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவருக்கே நேரே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். உறுதியின் மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும், சட்டத்தரணிக்குப் பிரதி போதும். நீதிமன்றம் கேட்கிற அன்றைக்கு நீங்களே கையில் கொண்டுபோங்கள்.