சொல் விளக்கம்: குறுக்குவிசை

கோப்பைச் சேமிக்க கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்துகிறோம். பொத்தானின் பெயரில் ஓர் எழுத்துக்கு அடியில் கோடு இருந்தால், ஆல்ட்டோடு அந்த எழுத்தை அழுத்துகிறோம். பேச்சில் இரண்டுமே ஷார்ட்கட்தான். வரைகலை இடைமுகம் (பொத்தான்களும் பட்டிகளும் உள்ள திரை) எழுதுகிறவருக்கோ இவை வேறு வேறு. அதனால் தமிழிலும் இரண்டு சொற்கள் வேண்டும்.

முதலாவதை விண்டோஸ் நிரலாக்கத்திலும், இடைமுகம் எழுத உதவும் ஜிடிகே என்ற நிரல் தொகுப்பிலும் ஆக்சிலரேட்டர் என்பார்கள். லத்தீனில் 'செலர்' என்றால் விரைவு. அதில் பிறந்த சொல் இது. தொடர்புள்ள பட்டியோ (மெனு) பொத்தானோ கண்ணில் படாதபோதும் இது வேலை செய்யும். இரண்டாவதன் பெயர் நிமோனிக். கிரேக்கத்தில் நினைவு தொடர்பான சொல். நினைவுக்கான தெய்வமான நெமோசினியின் பெயரும் இதே வேர்தான். பொத்தானின் பெயரிலுள்ள எழுத்தே விசையாகவும் இருப்பதால் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸில் இதை ஆக்சஸ் கீ என்றும் சொல்வார்கள்.

இனி தமிழ். ஆங்கிலத்தில் பூட்டைத் திறப்பதும் கீ, பலகையில் தட்டுவதும் கீ. நாம் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த 'சாவி'யை இங்கே கொண்டுவராமல் 'விசை'யை எடுத்துக்கொண்டோம். மிக நல்ல தேர்வு. விசைக்கு வேகம், உந்துதல் என்பவை பழைய பொருள்கள். பொறியை இயக்கும் அமைப்புக்கும் அதே சொல். லத்தீன் சொல்லில் இருக்கும் விரைவு நம் சொல்லிலும் முன்பே இருக்கிறது. அதனால் ஆக்சிலரேட்டருக்கு 'முடுக்கி' என்று வாகன உறுப்பின் பெயரைத் தேடிப் போகத் தேவையில்லை. குறுக்குவிசை என்றாலே போதும்.

'குறுக்குவழி' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் திரையில் வைக்கும் நிரல் சின்னத்துக்கும் அதே பெயர்தான். வழி சின்னத்துக்கு, விசை விரலுக்கு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். நிமோனிக்குக்கு நான் சொல்வது நினைவெழுத்து.

வேறுபாடு தெரிந்தால் நிரல் எழுதுவதும் தெளிவாகும். ஜிடிகே போன்ற இன்னொரு தொகுப்பான கியூட்டியில் பொத்தானின் பெயரில் உரிய எழுத்துக்கு முன்னால் & போட்டால் போதும்: கோடும் வரும், ஆல்ட் விசையும் இயங்கும். ஜிடிகேயில் அந்த இடத்தில் அடிக்கோட்டுக் குறி; பொத்தானை நினைவெழுத்துள்ளதாக உருவாக்கவும் வேண்டும். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தும்வரை பெரும்பாலும் கோடு மறைந்தே இருக்கும், அதைப் பார்த்து இணைப்பு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

பைத்தான் மொழியோடு வரும் இடைமுகத் தொகுப்பான டிகே-இன்டர்தான் ஆளைச் சுற்றவைக்கும். அங்கே பொத்தானுக்குத் தரும் 'அண்டர்லைன்' என்ற அமைப்பு கோடு போடுவதோடு சரி; விசையை 'பைண்ட்' மூலம் நாமே சாளரத்தோடு இணைக்க வேண்டும். பொத்தானைச் சொடுக்கினால் இயங்கும் செயற்கூறையே (ஃபங்ஷன்) நேராக இணைத்தால் பிழை வரும். சொடுக்கும்போது எந்த மதிப்பும் வராது, விசை வழியாக வரும்போது எந்த விசை அழுத்தப்பட்டது போன்ற விவரம் கொண்ட நிகழ்வு (ஈவென்ட்) ஒன்று கூடவே வரும், அதை வாங்கிக்கொள்ள அந்தச் செயற்கூறில் இடம் இருக்காது. நிகழ்வை வாங்கிக்கொண்டு, பொத்தானைச் சொடுக்கியதுபோல் இயக்கும் 'இன்வோக்'கை அழைப்பதே சரி. பொத்தான் முடக்கப்பட்டிருந்தால் இன்வோக் ஒன்றும் செய்யாது, அதனால் விசை வழியாக யாரும் பின்கதவில் நுழைய முடியாது. அப்புறம், சிறிய எஸ்ஸுக்கு மட்டும் இணைத்தால் கேப்ஸ் லாக் போட்டிருக்கும்போது இயங்காது. பெரிய எஸ்ஸையும் சேர்த்துவிடுங்கள்.

பொத்தானின் பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கல். 'சேமி'யின் முதல் எழுத்து நமக்கு ஒன்று. யூனிகோடில் சகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு. தமிழ்99 பலகையில் சகரம் இருப்பதோ சதுர அடைப்புக்குறி விசையில். இதனால்தான் பல மொழிபெயர்ப்புகளில் 'சேமி'க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஸ்ஸைப் போட்டு அதற்குக் கோடிடுகிறார்கள். நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் அந்த எழுத்து பொத்தானின் பெயரில் இல்லாததால் நினைவெழுத்து என்பது அங்கே பொருந்தாது. அதை அணுகுவிசை (ஆக்சஸ் கீ) என்று சொல்வதே சரி.