கேக் எசன்ஸ் நுரையீரலுக்கானது அல்ல: வேப்பில் மலிவாகச் சுவை தேடுவோருக்கு ஒரு மருந்தாளரின் வேண்டுகோள்

இலண்டனில் தமிழர் செறிந்து வாழும் ஒரு பகுதியில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். புகைப்பழக்கத்தைக் கைவிட விரும்புவோருக்கு ஆலோசனை வழங்குவதும் என் பணியின் ஒரு பகுதி. அண்மையில் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு (இ-சிகரெட்டுக்கு) மாறிய இளைஞர் ஒருவர், வாரக்கணக்காக நிற்காத இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். கடையில் வாங்கும் திரவம் சலித்துப்போனதால், சமையலறையில் இருந்த ஏலக்காய் எசன்ஸையும், தடிமனுக்கு ஆவி பிடிக்க வைத்திருந்த யூக்கலிப்டஸ் தைலத்தையும் சில துளிகள் கருவியில் விட்டு இழுத்துவந்திருக்கிறார் என்பது பல கேள்விகளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. இருமல் மருந்தைக் கொடுக்காமல், அன்றே மருத்துவரைப் பார்க்கும்படி அனுப்பினேன். "சாப்பிடுற சாமான்தானே அக்கா, அதிலை என்ன வரப்போகுது?" என்று அவர் கேட்ட கேள்வியை நான் கேட்பது இது முதற்தடவை அல்ல. இந்தக் கட்டுரையை எழுதவைத்ததும் அந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புகைக்காதவர்களுக்கு வேப் தேவையில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை விற்பது இங்கே சட்டவிரோதம். இக்கட்டுரை அவர்களுக்கானது அன்று. ஆனால் சிகரெட்டை விடுவதற்காக வேப்பைக் கையிலெடுத்தவர் சுவை தேடுவதை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். நிக்கொட்டின் உள்ள இ-சிகரெட், நிக்கொட்டின் ஒட்டிகளையும் சூயிங்கத்தையும் விட அதிகமானோருக்குப் புகைப்பதை நிறுத்த உதவுகிறது என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு வலுவான சான்றுகளோடு சொல்கிறது. பிடித்த சுவை அமைந்தவர் சிகரெட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதையும், அமையாதவர் சில வாரங்களிலேயே பழைய பெட்டியைத் தேடிப் போய்விடுகிறார் என்பதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆகவே சுவை என்பது வீண் ஆடம்பரம் அல்ல. அதை எங்கிருந்து, எப்படிப் பெறுகிறோம் என்பதுதான் சிக்கல்.

2025 ஜூன் 1 வரை இந்தத் தேடல் எளிதாக இருந்தது. ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளை ஐந்து பவுண் அளவில் வாங்கி, பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போனார்கள். அவற்றின் விற்பனை ஐக்கிய இராச்சியம் முழுவதும் தடைசெய்யப்பட்ட பின்னர், மீள நிரப்பும் கருவிகள் பலரது கைக்கு வந்தன. சுற்றுச்சூழலுக்கும் பணப்பைக்கும் அது நல்லதே. ஆனால் மூடியைத் திறந்து திரவம் ஊற்றக்கூடிய ஒரு கருவி கைக்கு வந்தவுடன், அதற்குள் எதை ஊற்றலாம் என்ற ஆராய்ச்சியும் சில வீடுகளில் தொடங்கிவிட்டது. இனி வரப்போகும் வரியும் இதைத் தூண்டும் என்று அஞ்சுகிறேன்: 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மி.லி. வேப் திரவத்துக்கும் 2.20 பவுண் வரி விதிக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதன்மேல் வற் வரியும் சேரும்.

இப்போது "சாப்பிடுகிற பொருள்தானே" என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். நாம் விழுங்கும் எதுவும் அமிலம் நிறைந்த இரைப்பைக்குப் போகிறது, குடலில் உடைக்கப்படுகிறது, பெரும்பாலும் ஈரலில் வடிகட்டப்பட்ட பின்னரே உடலெங்கும் பரவுகிறது. நுரையீரலின் சிற்றறைகளில் இந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட இல்லை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே அங்கே இருப்பது மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய சுவர் ஒன்றுதான். அங்கே எண்ணெய்த் துளி போய் விழுந்தால், அதை விழுங்கித் துப்புரவு செய்ய வரும் வெள்ளணுக்களால் அதைச் செரிக்க முடிவதில்லை. எண்ணெயைச் சுமந்தபடி அவை அங்கேயே தேங்குகின்றன, சுற்றியுள்ள திசு அழற்சி அடைகிறது. இதைக் கொழுப்புசார் நியூமோனியா என்கிறோம். இது வேப்போடு வந்த புதிய நோயும் அன்று. பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் நம்மவர் வழக்கத்தைக் குழந்தைநல மருத்துவர்கள் இத்தனை கண்டிப்போடு தடுப்பதும் இதே நோய்க்குப் பயந்துதான். அதே எண்ணெயைச் சமையலில் சேர்ப்பதை எந்த மருத்துவரும் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு இரண்டு உண்மைச் சம்பவங்களைத் தருகிறேன். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரித்த ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர் எட்டுப் பேருக்கு, மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைபடும் கொடிய நோய் இருப்பது 2000ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. காரணமாக இனங்காணப்பட்டது வெண்ணெய் வாசனை தரும் டைஅசெட்டில் என்ற பொருளின் ஆவி. அந்தப் பாப்கார்னை உண்டவர்களுக்கு அது ஒரு சுவையூட்டி மட்டுமே. நாள்தோறும் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு அது நுரையீரலை அழித்தது. அடுத்தது 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்தோரிடையே பரவிய நுரையீரல் பாதிப்பு. 2020 பெப்ரவரி வரையான கணக்கின்படி 2,807 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டோ உயிரிழந்தோ பதிவாகினர். அவர்களில் இறந்தோர் 68 பேர். அந்த நோயாளிகள் பலரது நுரையீரல் நீரில் காணப்பட்டது விற்றமின் ஈ அசற்றேற்று. கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தை வேப்புகளில் அதைத் தடிப்பூட்டியாகச் சேர்த்திருந்தார்கள். விற்றமின் ஈ குளிசையாக விழுங்கப்படுகிறது, முகக்களிம்பாகப் பூசப்படுகிறது, இரண்டிலும் பொதுவாக ஆபத்தில்லை. வாய்க்கும் தோலுக்கும் கிடைத்த பாதுகாப்புச் சான்று நுரையீரலுக்குச் செல்லுபடியாகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"அப்படியானால் ஆவி பிடிக்கும்போது தைலத்தை மூச்சில் இழுக்கிறோமே?" என்று மறுகேள்வி வரும், வந்திருக்கிறது. ஆவி பிடிக்கும்போது கொதித்த நீரிலிருந்து நீராவியும், அதோடு எளிதில் ஆவியாகும் வாசனை மூலக்கூறுகளில் சிறிதளவும் சில நிமிடங்களுக்கு மேலெழுகின்றன. வேப் கருவியின் கம்பிச்சுருள் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேலும் சூடேறி, உள்ளே இருக்கும் திரவத்தையே நுண்துளிகளாக்கி நுரையீரலின் அடி ஆழம்வரை அனுப்புகிறது. திரவத்தில் எண்ணெய் இருந்தால் எண்ணெயும் அப்படியே போகும். அதுவும் ஒருநாளைக்கு நூற்றுக்கணக்கான இழுப்புகள், வாரக்கணக்கில். இரண்டையும் ஒன்றென்று கொள்ள இடமே இல்லை.

போத்தலில் 'தாவர கிளிசரின்' என்று எழுதியிருப்பதைக் காட்டி, அதுவும் தாவர எண்ணெய்தானே என்று கேட்டவர்களும் உண்டு. கிளிசரின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது, ஆனால் எண்ணெய் அன்று. அது நீரில் முழுமையாகக் கரையும். கேக் எசன்ஸ்களில் பல எண்ணெயில் கரைக்கப்பட்டவை. எண்ணெயே இல்லாத எசன்ஸிலும் டைஅசெட்டில் இருக்கலாம், சீனி இருக்கலாம், நிறமூட்டி இருக்கலாம். இங்கே சட்டப்படி விற்கப்படும் நிக்கொட்டின் திரவங்களில் டைஅசெட்டிலும் நிறமூட்டிகளும் விற்றமின்களும் அனுமதிக்கப்படுவதில்லை. சமையலறை அலுமாரியிலிருந்து ஒரு துளி எடுத்து விடும் அந்தக் கணத்திலேயே இந்தப் பாதுகாப்பு முழுவதையும் நீங்களே கைவிட்டுவிடுகிறீர்கள்.

சரி, செலவைக் குறைத்துச் சுவைகளை எப்படித்தான் பார்ப்பது? சுவைக்கு முன் நிக்கொட்டின் அளவைச் சரிபாருங்கள் என்பதே என் முதல் பதில். "எந்தச் சுவையும் பிடிக்கவில்லை" என்று போத்தல் போத்தலாக வாங்கிக் குவிப்பவர்களில் பலருக்கு உண்மையான குறை சுவையில் இல்லை; ஒருநாளைக்கு 20 சிகரெட் புகைத்தவர் மி.லி.க்கு 3 மி.கி. நிக்கொட்டின் மட்டுமே உள்ள திரவத்தை இழுத்தால் உடல் நிறைவடையாது, மனம் திரவத்தின் மீது பழியைப் போடும். கண்விழித்த உடனே சிகரெட்டைத் தேடியவர்களுக்கு ஆரம்பத்தில் மி.லி. ஒன்றுக்கு 18 அல்லது 20 மி.கி. தேவைப்படுவது வழமை, 20 மி.கி. என்பதே இங்கு சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. அளவு சரியானவுடன், பிடிக்காது என்று ஒதுக்கிய போத்தலையே விரும்பிப் பாவித்தவர்கள் இருக்கிறார்கள். பணம் அதிகம் மிச்சமாகும் இடம் இதுதான், கடைகளில் பெரும்பாலும் சொல்லப்படாததும் இதுதான்.

அடுத்து, இலவசமாகக் கிடைப்பதை முதலில் கேளுங்கள். புகைப்பவர்கள் பத்து இலட்சம் பேரை வேப்புக்கு மாற்றும் திட்டம் இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. உள்ளூராட்சி மன்றங்களின் புகைநிறுத்தச் சேவைகள் ஊடாகப் பல இடங்களில் தொடக்கக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. சுவையையும் நிக்கொட்டின் அளவையும் தெரிவுசெய்ய ஓரளவு வாய்ப்பும் உண்டு. இந்தச் சேவையை நாடத் தயங்கும் நம்மவர்கள் அதிகம். புகைப்பது தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் புரிகிறது. ஆயினும் உங்கள் விபரம் உங்கள் அனுமதியின்றி வீட்டாருக்குப் போகாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

வாங்குவதென்றால் சிறியதாக வாங்குங்கள். நிக்கொட்டின் உள்ள திரவம் 10 மி.லி.க்கு மேற்பட்ட போத்தலில் விற்கப்படக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. புதியவருக்கு அந்தச் சிறு போத்தலே ஏற்றது. சிகரெட்டை நிறுத்தி 48 மணிநேரத்தில் நாவும் மூக்கும் மீளத் தொடங்குகின்றன; முதல் வாரத்தில் பிடித்த புகையிலைச் சுவை அடுத்த மாதம் குமட்டலாம். இன்று பிடித்தது என்று பெரிய தொகையாக வாங்கி வைப்பது வீண். பல கடைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட போத்தல்களைச் சேர்த்து வாங்கினால் விலை குறையும். பழம், குளிர்ச்சி, இனிப்பு, புகையிலை என்று வகைக்கு ஒன்றாக அந்தச் சலுகையில் எடுங்கள். ஒரே வகையில் நான்கு எடுக்காதீர்கள். ஒன்றை மூன்று நான்கு நாட்களாவது பாவித்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். ஒரே மாலையில் பலவற்றை மாறிமாறி இழுத்தால் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒன்றாகவே தெரியும்.

'பொட்' எனப்படும், திரவம் நிரப்பும் சிறு கூடு கொண்ட கருவியில் சுவை மாற்றும்போது பழைய சுவை பஞ்சில் தங்கியிருக்கும். 'மெந்தோல்' என்ற குளிர்ச்சிச் சுவைக்கென்று ஒரு பொட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பொட் ஒன்றின் விலை, வீணாகும் திரவத்தின் விலையை விடக் குறைவு. மிக இனிப்பான திரவங்கள் கம்பிச்சுருளை விரைவாகக் கரியவைப்பதால், அவற்றின் மலிவு விலை உண்மையான மலிவு அன்று.

50 மி.லி. நிக்கொட்டின் இல்லாத திரவத்தோடு 10 மி.லி. நிக்கொட்டின் போத்தலைக் கலக்கும் 'ஷோர்ட்ஃபில்' மலிவாகத் தெரியும். 18 மி.கி. போத்தல் ஒன்றைக் கலந்தால் கிடைப்பது மி.லி.க்கு 3 மி.கி. மட்டுமே, மேலே சொன்ன காரணத்தால் புதியவருக்கு அது போதாது. திரவமும் பெரும்பாலும் தடிப்பானது, சிறிய பொட் கருவிகளுக்கு ஒத்துவராது. மேலும் நிக்கொட்டின் இல்லாத திரவம் அந்த 2016 விதிகளுக்குள் வருவதில்லை, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.க்கு அறிவிக்கப்படுவதும் இல்லை. பழகிய பின்னர் பார்க்கலாம், தொடக்கத்தில் வேண்டாம்.

நண்பர்களோடு திறக்காத போத்தல்களை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. பாதி தீர்ந்த, பெயர்த்தாள் கிழிந்த போத்தலை வாங்காதீர்கள். ஒருவர் வாயில் வைத்த கருவியை அடுத்தவர் சுவை பார்க்க வாங்கவே கூடாது. ஊருக்குப் போய்வருபவரிடம் சொல்லிச் சென்னையிலிருந்து மலிவாக எடுப்பிக்கலாம் என்று எண்ணுபவர்கள் அறியவேண்டியது: இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டின் தயாரிப்பும் விற்பனையும் இறக்குமதியும் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அங்கே விற்கப்படுவது எதுவாயினும் யாருடைய சோதனைக்கும் உட்படாதது. உங்கள் கருவியை அங்கு கொண்டுபோவதும் குற்றமாகலாம்.

பல சுவைகளைத் தேடுபவர் வீட்டில் சிறு போத்தல்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இனிச் சொல்வதை மன்றாடிச் சொல்கிறேன். 20 மி.கி. செறிவுள்ள 10 மி.லி. போத்தலில் 200 மி.கி. நிக்கொட்டின் இருக்கிறது, மாம்பழ மணம் வீசும் அந்தத் திரவத்தில் சிறிதளவை விழுங்கினாலே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்து வரலாம். சமையலறையில், எசன்ஸ் போத்தல்களின் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். வீட்டில் கண்ணுக்குச் சொட்டுமருந்து விடும் அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. அளவிலும் வடிவிலும் இரண்டு போத்தல்களும் ஒன்றுபோலவே இருக்கும், வேப் திரவத்தைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். பூட்டிய, உயரமான இடம் ஒன்றில் வையுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே உதவி கேளுங்கள்: வாந்தி, வெளிறல், வியர்வை, சோர்வு, வலிப்பு எதுவும் தென்பட்டால் 999, மற்றப்படி 111. தோலில் பட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு உதவியை நாடுங்கள்.

ஏற்கெனவே எசன்ஸோ தைலமோ ஊற்றி இழுத்தவர்கள் இன்றே நிறுத்துங்கள். அந்தப் பொட்டைக் கழுவிப் பாவிக்க முயலாமல் புதியது மாற்றுங்கள். நிறுத்துகிறோம் என்று சிகரெட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள், போய் உண்மையைச் சொல்லுங்கள். கொழுப்புசார் நியூமோனியா எக்ஸ்றேயில் சாதாரண நியூமோனியாவைப் போலவே தோன்றலாம். நீங்கள் சொல்லாவிட்டால் பயன் தராத நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்படும், நாட்கள் வீணாகும். என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதைச் சொல்லி, அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.