வெசூவியஸின் கருமணல்

இத்தாலியின் நேப்பிள்ஸில் காலை ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பொம்பெய், எரிமலை புதைத்த பழைய ரோம ஊர். மதியம் வரை இடிபாடுகளுக்குள் வெயிலில் சுற்றிவிட்டு, ஒரு வேன் பிடித்து வெசூவியஸ் எரிமலையின் சரிவில் ஏதாவது ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போகலாம். நாலு வகை ஒயினை நாலு மடக்கு ருசி பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். பயண முகவர்கள் இதை ஒருநாள் சுற்றுலாவாக விற்கிறார்கள்: காலையில் வரலாறு, மதியம் குடி. இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு உடன்பாடில்லை. காலையில் செருப்பில் ஒட்டும் தூசியும் மதியம் கொடியின் வேர் பிடித்திருக்கும் மண்ணும் ஒரே மலை கக்கியவை. ஒன்றைப் பார்த்தால்தான் மற்றது புரியும்.

பொம்பெய்க்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் சந்தைச் சதுக்கத்திலும் பிளாஸ்டர் உடல்கள் இருக்கும் இடத்திலும்தான் நெரிகிறது. ஊரின் தென்கிழக்கு மூலையில், வட்டரங்கத்துக்கு எதிரே, மதில் சூழ்ந்த ஒரு பெரிய மனை உண்டு. ஆரம்பத்தில் தோண்டியவர்கள் எலும்புகளைப் பார்த்துவிட்டு, இது மாட்டுச் சந்தை என்று முடிவு கட்டினார்கள். ‘ஃபோரோ போவாரியோ’ என்ற அந்தப் பெயர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1966இல் வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே வேலையைத் தொடங்கிய பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. அது ஊருக்குள்ளேயே இருந்த திராட்சைத் தோட்டம். ஒன்றல்ல, நூறல்ல, 2014 கொடிகளின் வேர்த் தடங்களை அவர் குழு எண்ணி எடுத்தது.

கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளுக்கு முன் மட்கிப்போன வேரை எப்படி எண்ணுவது?

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது பொம்பெய்மேல் முதலில் விழுந்தது தீக்குழம்பு அல்ல, நுரைக்கல். எரிமலைக்குள் வாயு நிறைந்த குழம்பு சட்டென்று அழுத்தம் குறைந்ததால் பொங்கி, பொங்கிய நிலையிலேயே உறைந்த கல் அது. உள்ளெல்லாம் ஓட்டை, கையில் எடுத்தால் எடையே இல்லாதது போலிருக்கும். பட்டாணி, சுண்டைக்காய் அளவுகளில் மணிக்கணக்கில் கொட்டி, ஊரை ஏறக்குறைய மூன்று மீட்டர் மூடியது. அதன் பிறகுதான் நுண்ணிய சாம்பலும் கொதிக்கும் வாயுவும் கலந்த அலைகள் தரையோடு தரையாகப் பாய்ந்து வந்தன.

அந்த நுண்சாம்பலில் சிக்கி இறந்தவர்களைச் சுற்றி அது மாவு போலப் படிந்து இறுகியது. உடல் மட்கியதும் அதே வடிவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சியது. 1863இல் அகழ்வாய்வுத் தலைவர் ஃபியோரெல்லி அந்த வெற்றிடத்துக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினார். உலகமே அறிந்த அந்த உருவங்கள் அப்படி வந்தவை.

வேரின் கதை கொஞ்சம் வேறு. வேர் பழைய தரைக்குக் கீழே இருந்தது. தலைக்கு மேலே இறுகாத நுரைக்கல். வேர் மெல்ல மட்க மட்க, மேலிருந்த சிறுகற்கள் உருண்டு அந்தத் துளைக்குள் இறங்கிவிட்டன. ஆகவே தோண்டுபவர்கள் 79ஆம் ஆண்டுத் தரை வரை கவனமாகச் சுரண்டிக்கொண்டு வந்தால், கருத்த மண்ணில் வெளிர்நிறக் கற்கள் அடைத்த வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு செடி. நீளமான கருவிகளை விட்டு கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். காலியான துளைக்குள் கம்பியை இறக்கி சிமென்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். மூன்று நாள் காத்திருந்து சுற்றியுள்ள மண்ணை வெட்டினால், கிளைவிட்ட வேர் சிமென்டில் எழுந்து நிற்கிறது. வேரின் பருமனையும் போக்கையும் வைத்து இது கொடி, இது மரம் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில், நேராக இறங்கிக் கூராக முடியும் இன்னொரு துளை: கொடியைத் தாங்கிய ஊன்றுகோல். கொடிக்கும் கொடிக்கும் நாலு ரோம அடி, நம் கணக்கில் சுமார் 1.2 மீட்டர். ரோம வேளாண் நூல்கள் சொல்லும் இடைவெளியோடு இது பொருந்துகிறது. ஏட்டில் இருந்ததைத்தான் குடியானவன் செய்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

தோட்டத்துக்குள் பிழியும் அறை, தரையில் புதைத்த பத்துத் தாழிகள், கொடிகளுக்கு நடுவே சாய்ந்து உண்ணக் கல் இருக்கைகள் இரண்டு இடத்தில். எதிரே வட்டரங்கம். சண்டை பார்த்துவிட்டுத் தொண்டை காய்ந்து வருகிறவர்களை நம்பித்தான் இந்த வியாபாரம் நடந்திருக்க வேண்டும் என்பது ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம். எலும்புகள் அங்கே பரிமாறிய கறியின் மிச்சமாக இருக்கலாம்.

ஊருக்குள் ஒயின் எல்லாருக்கும் எட்டும் விலையில் இருந்தது. ஹெடொனே என்பவளின் கடைச் சுவரில் இருந்த எழுத்து இன்றைய மெனு பலகையைவிடத் தெளிவு: ஓர் ‘அஸ்’ (ரோமச் சில்லறைக் காசு) கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நாலு கொடுத்தால் ஃபலேர்னியன் குடிக்கலாம். ஃபலேர்னியன் என்பது நேப்பிள்ஸைச் சுற்றிய காம்பானியாவின் வடபகுதியில் விளைந்த உயர்ரகம். உள்ளூர்ச் சரக்கைப் பற்றி அக்கால ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியதை வாசித்தால் சிரிப்பு வரும். பொம்பெய் ஒயின் பத்து வருடத்தில் பக்குவத்தின் உச்சியைத் தொட்டுவிடும், ஆனால் அது தரும் தலைவலி மறுநாள் உச்சிவேளை வரை போகாது என்கிறார். அந்த மலை வெடித்தபோதுதான் அவரும் இறந்தார்.

இனி ஒயின் எப்படி ஆனது என்பது. அதற்குப் பொம்பெய்க்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கும் பொஸ்கோரெயாலே போக வேண்டும். வேன் ஓட்டுநர்கள் அங்கே நிறுத்துவதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை, வற்புறுத்துங்கள். 1977இல் கண்டுபிடித்த வில்லா ரெஜினா என்ற சின்னப் பண்ணைவீடு, நவீனக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. முற்றத்தில் 18 தாழிகள், கழுத்து வரை மண்ணுக்குள். மேலிருந்து பார்த்தால் வட்ட வட்ட வாய்கள் மட்டும் தெரியும். நமக்கு ஆதிச்சநல்லூர் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியாது. எல்லாம் சேர்ந்து சுமார் 10,000 லிட்டர் பிடிக்கும்.

புதைத்தது இடத்தை மிச்சப்படுத்த அல்ல. திராட்சைத் தோலிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் ஈஸ்ட், சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் 220 கிராம் சர்க்கரை இருந்தால் ஏறத்தாழ 13 சதவீத ஆல்கஹால் கிடைக்கும், கூடவே 50 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். நொதிக்கும் நாட்களில் தாழியை மூட முடியாது, மூடினால் மூடி பறக்கும். வாயுவோடு வெப்பமும் பிறக்கிறது. சாறு நாற்பது டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை பாதியில் நிற்கும், பிறகு பாக்டீரியா புகுந்து ஒயின் வினிகராகிவிடும். சுற்றியிருக்கும் மண்தான் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குளிர்சாதனம். இன்று எஃகுத் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர்க் குழாய் ஓடுகிறதே, அதே வேலை.

தாழியின் வயிறு பருத்து அடி குறுகியிருப்பதும் சும்மா இல்லை. 2024இல் வந்த ஓர் ஆய்வு, ஜார்ஜியா நாட்டில் இன்றும் புதைத்து வைத்து ஒயின் செய்யும் க்வெவ்ரி தாழிகளோடு ரோமத் தாழிகளை ஒப்பிட்டது. உருண்டை வயிற்றுக்குள் வெதுவெதுப்பான சாறு மேலே போவதும் குளிர்ந்தது கீழே இறங்குவதுமாகத் தானாகவே சுழலும், கசடு குறுகிய அடிக்குள் போய் ஒடுங்கும், மேலே நிற்கும் ஒயின் கசடோடு அதிகம் உறவாடாது. மேற்பரப்பில் ஈஸ்ட் ஆடை போலப் படர்ந்தால் சொட்டொலோன் என்ற சேர்மம் உருவாகக்கூடும், வறுத்த ரொட்டி, அக்ரூட், மசாலா வாசனை வரும் என்கிறார்கள். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தருவதும் இதே சொட்டொலோன்தான். பழைய ரோம ஒயினை ஒரு தமிழ் மூக்கிடம் கொடுத்திருந்தால், முதலில் சமையலறை அஞ்சறைப் பெட்டியைத்தான் சொல்லியிருக்கும்.

சுட்ட மண் கசியும் என்பதால் தாழியின் உட்புறம் பைன் மரக்கீல் பூசினார்கள். அந்த வாசனையும் ஒயினில் ஏறும். மிளகும் தேனும் சேர்த்த வகைகளும் உண்டு. மிளகு போனது நம் மேற்குக் கரையிலிருந்து. கருமிளகு ஒரு பவுண்டு நாலு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) என்று விலை குறித்து வைத்திருப்பவரும் அதே பிளினிதான்.

மதியத்துக்கு வருவோம். சரிவில் தோட்டக்காரர் கொண்டுவந்து வைக்கும் சிவப்பு ஒயினில் பெரும்பங்கு பியெதிரோஸ்ஸோ, அதாவது ‘சிவந்த கால்’: பழக்காம்பு புறாவின் கால் போலச் சிவந்திருக்கும். வெள்ளையில் ‘நரிவால்’ எனப் பொருள்படும் கோதா தி வோல்ப்பே, நரிவால் போல வளைந்து தொங்கும் குலை. புட்டியின் மேல் லாக்ரிமா கிறிஸ்தி, கிறிஸ்துவின் கண்ணீர் என்ற பெயர் இருக்கும். 1983 முதல் இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பெயர்.

தோட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “உங்கள் கொடி ஒட்டுச்செடியா, சொந்த வேரா?” பலர் பெருமையாக, சொந்த வேர் என்பார்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற மிகச் சிறிய பூச்சி, ஐரோப்பியத் திராட்சையின் வேரை உறிஞ்சி அடுத்த சில பத்தாண்டுகளில் கண்டத்தின் தோட்டங்களைக் காலி செய்தது. அதற்கு மருந்து கிடைக்கவில்லை. அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள், இன்றும் அப்படித்தான். களிமண் காய்ந்தால் வெடிக்கும், அந்த வெடிப்புகள்தான் பூச்சி வேருக்கு வேர் தாவும் சாலைகள். வெசூவியஸின் மணற்பாங்கான சாம்பல் மண் வெடிப்பதில்லை, உதிர்ந்து உதிர்ந்து வழியை மூடிவிடுகிறது. அதனால் இங்கே விவசாயி பழைய கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டே அடுத்த செடியை எடுக்க முடிகிறது. ஊரைக் கொன்ற அதே வகை மண், கொடிக்குக் காவல்.

நுரைக்கல்லின் ஓட்டைகள் குளிர்கால மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் விடுகின்றன. எரிமலைப் பாறையில் லியூசைட் என்ற கனிமம் நிறைய, அது சிதையும்போது பொட்டாசியம் கிடைக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு வழிகாட்டி, “இந்த ஒயினில் எரிமலையையே ருசிக்கலாம்” என்பார். அங்கேதான் நான் தலையாட்ட மாட்டேன். வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த அயனிகளை, பாறையை அல்ல. ஒயினில் சேரும் அந்தத் தாதுக்களின் அளவு நாக்குக்குப் பாறைச்சுவையாகத் தெரிகிற அளவு கிடையாது. மண் நீரை எப்படித் தருகிறது, சரிவில் இரவு எவ்வளவு குளிர்கிறது, பழம் எவ்வளவு மெல்லப் பழுக்கிறது என்பவற்றின் வழியாகத்தான் மலை கோப்பைக்குள் வருகிறது. சுவை மாறுவது உண்மை. காரணம்தான் அவர் சொல்வது இல்லை.

‘ரோம ஒயின்’ என்ற பேச்சும் அப்படியே. மாஸ்த்ரோபெரார்தினோ என்ற ஒயின் நிறுவனம் 1990களில் பொம்பெய் மதிலுக்குள் பழைய முறைப்படி கொடிகளை நட்டு, 2001 அறுவடையிலிருந்து வில்லா தேய் மிஸ்தேரி என்ற பெயரில் ஒயின் செய்தது. நட்ட முறை ரோமருடையது. நொதித்ததும் பக்குவப்பட்டதும் நம் காலத்து நிலவறையில். தாழி இல்லை, கீல் இல்லை, வெந்தய வாசனையும் இல்லை.

அக்கால ஒயினின் நிஜ மிச்சம் பெரும்பாலும் அது பயணம் செய்த சாடிகளில்தான் இருக்கிறது. ஆம்போரா என்ற அந்த இருபிடிச் சாடி சுமார் 26 லிட்டர் கொள்ளும். அடி கூராக முடியும், தூக்கிக் கவிழ்க்கும்போது அதுவே மூன்றாவது பிடி. களிமண் சூளையில் வெடிக்காமலிருக்க நம் குயவர் மணல் சேர்ப்பது போலவே நேப்பிள்ஸ் வளைகுடாக் குயவர்களும் சேர்த்தார்கள். அவர்கள் கைக்கு எட்டியது கடற்கரையின் எரிமலைக் கருமணல். அதில் ஆகைட் என்ற கனிமத்தின் கருத்த படிகங்கள் மின்னும். உடைந்த சில்லைத் திருப்பிப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியது போலிருக்கும்.

அந்தச் சில்லுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. 1945இல் வீலரும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் தோண்டிய, புதுச்சேரிக்குப் பக்கத்து அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்று நக்கீரர் பாண்டியனை வாழ்த்திய புறநானூற்று வரிக்கு மண்ணிலிருந்து வந்த துணைச்சாட்சி. அங்கே கிடைத்த எல்லாச் சாடியும் இத்தாலிச் சாடி அல்ல, கிரேக்கத் தீவுகளிலிருந்து வந்தவையும் உண்டு. ஆனால் கருமணல் உள்ளது எந்தக் கரையில் பிறந்தது என்பதில் அதிகம் தடுமாற வேண்டியதில்லை, புதுச்சேரியைச் சுற்றி எரிமலை எதுவும் கிடையாது.

உள்ளே இருந்தது ஒயின்தானா என்று ரசாயனம் வழியாகக் கேட்டால் ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். பானைச் சில்லில் திராட்சையைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது டார்டாரிக் அமிலத்தை. ஐரோப்பாவில் அந்த அளவுக்கு அதைத் தரும் பழம் திராட்சையைத் தவிர அநேகமாக இல்லை. நம் ஊரில் புளியங்காய் முழுக்க அதுதான். ஒயின் தீர்ந்த சாடியை ஒரு புதுச்சேரி வீட்டில் புளி போட்டு வைக்க எடுத்துக்கொண்டிருந்தால், ஆய்வகத்தில் இரண்டும் ஒரே விடைதான் சொல்லும்.