காயா மரம் நிற்கிறது, கன்றைக் காணோம்

சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகவே எஞ்சியிருக்கிறது. திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம், புத்துப்பட்டு போன்ற ஊர்களில் தெய்வத்துக்கு அஞ்சிக் கோடரி படாமல் விட்ட திட்டுகள் அவை. சுற்றிலும் முந்திரி, சவுக்கு, மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லை. அண்மைக் காலமாக மனைப் பிரிவுகளும் சேர்ந்திருக்கின்றன.

காடு சுருங்குவது ஒரு கேடு. துண்டாவது வேறொரு கேடு. ஒரு கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட 100 ஹெக்டேர் காடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை வெயிலும் அனல்காற்றும் எட்டும் என்றால், அவை எட்டாத உட்காடு 81 ஹெக்டேர் மிஞ்சும். அதே காட்டை ஒரு ஹெக்டேர் அளவில் நூறு சதுரங்களாக்கித் தள்ளித் தள்ளி வைத்தால் மரங்களில் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் உட்காடு அறவே இராது, ஏனெனில் ஒவ்வொரு துண்டின் நட்டநடுவும் விளிம்பிலிருந்து 50 மீட்டர்தான்.

இதைக் கண்ணால் காண ஒரு வைகாசி நண்பகல் போதும். வெளிச்சுற்றில் சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டியிருக்கும். உள்ளே போனால் காயா மரத்தடியில் கொடிகள் பின்னிக் கிடக்க, மேல்சருகைப் புரட்டினால் அடியில் விரலுக்குக் குளிர்ச்சி தட்டுப்படும். முப்பது நாற்பது எட்டு வைப்பதற்குள் சருகு மறுபடியும் மொறமொறத்து, எதிர்ப்பக்கத்து வெளிச்சம் தெரிந்துவிடும். சருகடியில் வாழும் மரவட்டைக்கும் அரணைக்கும் உலகமே அந்தச் சில எட்டுகள்தான்.

பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே 1979-இல் சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வு, 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளைப் பல்லாண்டுகள் கண்காணித்தது. விளிம்போரத்துப் பெருமரங்கள் பட்டுச் சாய்ந்தன; படையெறும்புகளின் பின்னே இரைதேடும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து விரைவிலேயே மறைந்தன. அந்த மழைக்காட்டின் கணக்கை வெயிலுக்குப் பழகிய நம் காட்டுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. பொதுவாக, வாழிடம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் அங்குள்ள இனங்கள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது சூழலியலில் ஒரு தோராய விதி. ஆனால் அந்தப் பாதி உடனே போய்விடுவதில்லை என்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

வீரை மரத்தைப் பாருங்கள். அதில் ஆண் வேறு, பெண் வேறு. சிறு திட்டில் ஆண் மரங்கள் பட்டுப்போய், மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் அடுத்த திட்டிலிருந்து வர வழியுமில்லை என்றால், பெண் மரம் ஆண்டுதோறும் பூத்தும் காய்க்காது. மரமோ இன்னும் பல பதின்ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும்; கணக்கெடுப்பவர் ‘வீரை உண்டு’ என்று எழுதிக்கொண்டு போவார். இப்படி முடிவு தெரிந்தும் நாள் தள்ளிப்போகும் நிலையை அழிவுக் கடன் என்கிறார்கள். ஆகவே காட்டின் நலம் கேட்பவர் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து கன்றுகளைத் தேடுவது நல்லது.

திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். மல்லாட்டைக் கொல்லையும் காடில்லைதான். ஆனாலும் அதன் உயிர்வேலியை ஒட்டி மரநாய் இரவில் அடுத்த தோப்புக்குப் போய், தின்ற பழத்தின் கொட்டைகளை எச்சத்தோடு அங்கே இடும். பழந்தின்னி வௌவால் வரப்புப் பனையில் தொங்கிக்கொண்டு நாவல் கொட்டையை உதிர்க்கும். கொல்லை மனையாகி, வேலி சுற்றுச்சுவரானால் மரநாயின் வழி அடைபடுகிறது. வௌவால் பறந்து வந்தாலும் கொட்டை சிமெண்டுத் தரையில் விழுகிறது.

புதுச்சேரியை ஒட்டி 1968-இல் தொடங்கிய ஆரோவில் நகரியத்தில், மண்ணரித்துச் சிவந்து கிடந்த மேட்டில் இந்தக் காட்டைத் திரும்ப வளர்க்கிறார்கள். முதலில் வேகமாக வளரும் அயல் மரங்களால் நிழல் உண்டாக்கினார்கள். பிறகு நம் மண்ணின் மரங்களை நாற்றங்காலில் எழுப்பி நட்டார்கள். அதற்கான விதைகளைத் தேடி அவர்கள் போன இடங்களில் இந்தக் கோயில் காடுகளும் உண்டு. வீரை விதை வேண்டுமென்றால் இன்றும் காய்க்கிற பெண் மரத்தடியில்தான் போய்ப் பொறுக்க வேண்டும்.